ஒரு நாளைக்கு ஐயாயிரம்

— முப்பத்தெட்டு நிமிஷம், மிஸ். முப்பத்தெட்டு நிமிஷம் போன்ல பாட்டு போட்டீங்க. அங்க என் தங்கச்சி தலையப் புடிச்சுக்கிட்டுத் துடிக்கிறா, இங்க இவரு காதுல பியானோ.

— சார், கொஞ்சம் மெதுவா. வெளிய ஆளுங்க காத்திருக்காங்க.

— காத்திருக்கட்டும் லா. நாங்க காத்திருக்கலியா? ஒன்பதரைக்கு நம்பர் எடுத்தோம், மணி இப்ப பன்னெண்டே கால். முன்ன இந்த பேங்க்ல ஆறு கவுண்டர். இப்ப ஒன்னே ஒன்னு. மத்ததெல்லாம் மெஷின். அதுலயும் பாதி மெஷின்ல ‘ரோசாக்’னு, கெட்டுப்போச்சுன்னு பேப்பர் ஒட்டி வச்சிருக்கீங்க.

— புரியுது சார். நான் யோகேஸ்வரி, புகார்ப் பிரிவு. இந்த விஷயத்துக்காகவே கோலாலம்பூர்ல இருந்து வந்திருக்கேன். கணக்கு யார் பேர்ல?

— இவரு பேர்ல. வசந்தன். என் தங்கச்சி கஸ்தூரியோட புருஷன். நான் ஜெயபாலன், அவளுக்கு மூத்தவன். தம்போய்ல டயர் கடை வச்சிருக்கேன். மாப்ள, ஐசி, அடையாள அட்டைய எடுத்துக் குடுங்க.

— இந்தாங்க.

— மிஸ்டர் வசந்தன், உங்க மனைவி விஷயத்துல பேங்க் சார்பா முதல்ல...

— சரி மிஸ்.

— அவரு அப்படித்தான். அவ போயி நாப்பத்திரெண்டு நாளா யாரு என்ன சொன்னாலும் ‘சரி’. புகாரையே நான்தான் எழுதினேன், அவரு பேர்ல. இல்லன்னா அப்படியே விட்டுருப்பாரு.

— விட்டுருக்கலாம் மச்சான்.

— பாத்தீங்களா? இதுதான் இவரு.

— மிஸ்டர் வசந்தன், சில கேள்வி கேக்கணும். உங்க வாயால சொன்னா நல்லது. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு எத்தன மணிக்குப் போனீங்க?

— ஏழு பத்து. தெப்ராவ்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வீட்டுக்குக் கிட்ட.

— டாக்டர் பார்த்தாரா?

— பார்த்தாரு. தலையில ரத்தக் குழாய் கசியுதுன்னாரு. உடனே ஆபரேஷன்னாரு. முன்பணம் கட்டிட்டு வாங்கன்னாங்க.

— எவ்வளவு?

— ஐயாயிரம் வெள்ளி.

— கார்டு போட்டீங்க.

— மூணு தடவ. மெஷின் எடுக்கல.

— கணக்குல முப்பத்தோராயிரம் கெடக்கு, மிஸ்! அவரு சிங்கப்பூருக்கு நாலு மணிக்கு எந்திரிச்சு பஸ் ஏறிப் போயி சேத்த காசு. சொந்தக் காச எடுக்க உங்ககிட்ட கெஞ்சணும். இதுக்குப் பேரு பேங்க்கா?

— கணக்குல இருக்கிறது வேற சார், கார்டுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு வரம்பு இருக்கு. மோசடி கூடிப்போச்சுன்னு எல்லாருக்கும் குறைச்சோம். இவரு கார்டுக்கு ஐயாயிரம்.

— ஹா! அதத்தான் நானும் கேக்குறேன். வரம்பு ஐயாயிரம். ஆஸ்பத்திரி கேட்டது ஐயாயிரம். அப்ப ஏன் எடுக்கல? நாலு லெட்டர் போட்டேன். நாலுக்கும் ஒரே பதில், ‘பரிசீலனையில் உள்ளது’.

— அதுக்குத்தான் வந்திருக்கேன் சார்.

— மச்சான், போலாம். உங்க கடையில ஆள் இல்ல.

— கடை கெடக்குது விடுங்க. மிஸ், மீதியக் கேளுங்க.

— போன்ல வரம்ப ஏத்திப் பார்த்தீங்களா?

— ஏத்துனேன். பன்னெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் மாறும்னு வந்துச்சு.

— அப்புறம் எங்க ஹாட்லைனுக்கு அடிச்சீங்க.

— ஆமா. ஒரு பொண்ணு எடுத்துச்சு. பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டுப் போச்சு. பாட்டு வந்துச்சு. அப்புறம் லைன் கட்.

— எனக்கும் போன் அடிச்சிருக்காரு, மிஸ். ஆறு தடவ. அன்னைக்குன்னு பாத்து நான் லாயாங் லாயாங் பக்கம் எஸ்டேட் ரோட்டுல, ஒரு லோரிக்கு டயர் மாத்தப் போயிருந்தேன். லைனே கெடைக்கல. கடைசியில கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போனாரு. ஜாம். ஒரு மணி நேரம். அங்க டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? முன்னாடியே வந்திருந்தா பாத்திருக்கலாம்னாரு. முப்பது வயசு, மிஸ். அவளுக்கு முப்பதுதான்.

— வருத்தமா இருக்கு சார்.

— வருத்தம் வேணாம். ஒரு ஆளு வேணும். யாரு தப்புன்னு ஒரு பேரு வேணும் எனக்கு.

— பேரு ஏற்கனவே இருக்கு. அந்த போன எடுத்தது சமீரான்னு ஒரு பொண்ணு. வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம். இப்ப வேலையில இருந்து நிறுத்தி வச்சிருக்காங்க. இந்தப் புகார்ல மிஸ்டர் வசந்தன் இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அவள வேலைய விட்டே அனுப்பிடுவாங்க.

— போடட்டும். மாப்ள, பேனாவ எடுங்க.

— அந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணுச்சு?

— உங்கள காக்க வச்சா, லைன விட்டா. அன்னைக்கு ராத்திரி ஹாட்லைன்ல மூணே பேரு. முன்ன பதினேழு பேரு இருந்தாங்க. ஆனா அத எழுத இந்தப் புகார் ஃபாரத்துல இடம் இல்ல.

— புகார வாபஸ் வாங்கினா?

— மாப்ள!

— வாங்கலாம் சார். அவ வேலைக்குத் திரும்பிடுவா.

— வாபஸா? உங்களுக்குப் பித்துப் புடிச்சிருக்கா? அந்தப் பொண்ணு படம் என் போன்ல இருக்கு. பேஸ்புக்ல தேடி எடுத்துட்டேன். நீங்க கையெழுத்துப் போடலன்னா, இந்த வாசல்லயே நின்னு லைவ் போடுவேன். என் தங்கச்சியக் கொன்னவ இவதான்னு ஊரே பாக்கட்டும். வீடு எங்கன்னும் கண்டுபுடிப்பேன்.

— சார், அது வேண்டாத வேலை.

— வேண்டியதா வேண்டாததான்னு நான் பாத்துக்கிறேன்.

— சரி. கையெழுத்துப் போடுறேன். குடுங்க.

— இருங்க மிஸ்டர் வசந்தன். கையெழுத்துக்கு முன்னாடி, அன்னைக்குக் காலையில இருந்து அந்தக் கார்டுல நடந்ததெல்லாம் உங்களுக்குப் படிச்சுக் காட்டணும். அது விதி.

— படிக்க வேணாம்.

— ரெண்டு நிமிஷம்தான்.

— வேணாம்னேன். எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்? மாப்ள, இங்க பாருங்க. என் மூஞ்சப் பாருங்க. என்ன தெரியும் உங்களுக்கு?

— ஒன்னுமில்ல மச்சான்.

— வந்ததுல இருந்து போலாம் போலாம்னு நிக்கிறீங்க. புகாரும் வேணாம், படிக்கவும் வேணாம். அன்னைக்குக் கார்டுல வேற எதுக்காச்சும் இழுத்தீங்களா? போன்ல சூதாட்டம் விளையாடுறாங்களே, அந்த மாதிரி ஏதாச்சும்?

— அப்படியே வச்சுக்குங்க.

— அப்படியே வச்சுக்கிறதா? அலமாக்! பொணத்துக்குத் தலைமாட்டுல உக்காந்து உங்களுக்குச் சோறு ஊட்டுனேன்டா நான்! நீ வெளையாடித் தோத்து என் தங்கச்சி... மிஸ், படிங்க. இப்பவே படிங்க!

— சார், உக்காருங்க. இல்லன்னா காவலரக் கூப்பிடுவேன். கணக்குக்காரர் சம்மதம் இல்லாம உங்க முன்னாடி நான் எதையும் படிக்க முடியாது.

— அப்ப ரெண்டு பேரு சாவாங்க. ஒன்னு இந்தாளு. இன்னொன்னு உங்க சமீரா. இதோ, படத்தப் போடுறேன்.

— மச்சான், போன கீழ வைங்க.

— படிக்கச் சொல்லு, வைக்கிறேன்.

— அது சின்னப் பொண்ணு மச்சான்.

— என் தங்கச்சி மட்டும் கெழவியா?

— சரி, படிங்க மிஸ்.

— நிச்சயமா சார்?

— அந்தப் பொண்ணுக்காகப் படிங்க.

— சரி. அன்னைக்குக் காலையில ஒன்னும் இல்ல. மத்தியானமும் இல்ல. சாயங்காலம் மூணு அம்பத்திரெண்டு. கடையில கார்டு தேய்ச்சிருக்கு. நாலாயிரத்து எட்டுநூறு வெள்ளி. அதனால ராத்திரிக்கு மிச்சம் இருந்தது இருநூறு. ஆஸ்பத்திரி மெஷின் சரியாத்தான் மறுத்திருக்கு.

— நாலாயிரத்து எட்டுநூறா! பாத்தீங்களா? எந்தக் கடை? என்னத்த வாங்கினான்? சொல்லுங்க மிஸ், எந்தக் கடை?

— ‘கஸ்தூரி டயர் சர்வீஸ், தம்போய்’னு இருக்கு சார்.

— அது... அது என் கடை.

— உங்க கடையா?

— அவ பேருதான் வச்சேன். மாசக் கடைசி, மிஸ். கார்டு மெஷின் குடுத்த கம்பெனி, மாசத்துக்கு இவ்வளவு ஓடலன்னா வாடகை புடிச்சுக்கும். அதனால சொந்தக்காரங்க வந்து சும்மா தேய்ப்பாங்க. எல்லாருமே செய்யிறதுதான். காச மறுநாள் கையில திருப்பிக் குடுத்துடுவேன். அன்னைக்கும் ஆள் பத்தலன்னு கஸ்தூரிக்குப் போன் அடிச்சேன். வந்தா. தேய்ச்சா. டீ கூடக் குடிக்கல. தலை வலிக்குதுண்ணே, போறேன்னா.

— எந்தக் கார்டுன்னு பாக்கலியா சார்?

— அவ கார்டுன்னு நெனச்சேன். பாக்கல. மறுநாள் தரேன்னேன். மறுநாள்... அந்தக் காச எடுத்துத்தான் சாவுச் செலவுக்குக் குடுத்தேன். பெட்டிக்கு, மாலைக்கு. என் கையாலயே எண்ணிக் குடுத்தேன், மிஸ்.

— தண்ணி குடிங்க சார்.

— மாப்ள. உங்களுக்கு இது எப்பத் தெரியும்?

— விடுங்க மச்சான்.

— எப்பத் தெரியும்?

— ஆஸ்பத்திரி கவுண்டர்லயே. கார்டு எடுக்கலன்னதும், வீட்டுல கெடந்த இந்தக் கார்டத்தான் அண்ணன் கடையில தேய்ச்சேன்னு அவதான் சொன்னா.

— அப்பவே தெரிஞ்சுமா என்கூட இங்க வந்து நின்னீங்க? அவ்வளவு திட்டுனேனே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நாப்பத்திரெண்டு நாளு!

— என் கையப் புடிச்சுக்கிட்டு, ‘அண்ணனுக்கு மட்டும் இது தெரியவே கூடாதுங்க’ன்னா. அதுக்கப்புறம் அவ பேசல மச்சான்.