எழும்பாத கொப்புளமும் எங்கள் ஊசி டாக்டரும்

முடங்கிய மூட்டுகளை முறுக்கேற்றி நடக்க வைத்தவரே, வீங்கிய விரல்களுக்கு விடுதலை தந்தவரே, வார்டுக்குள் வரும் முன்பே வாசலில் நின்று இருமி எங்களை எச்சரிக்கும் இரக்கத்தின் இருப்பிடமே, வாதநோய்ப் பிரிவின் தலைமை மருத்துவராக வாழ்த்தும் வசையும் ஒருசேர வாங்கிக்கொண்டு இன்று பணி நிறைவு காணும் எங்கள் பெருமதிப்புக்குரிய ஊசி டாக்டர் அவர்களே, வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது ஊரறிந்த விஷயம். மருந்தகத் தலைவரின் விடைபெறும் விழாவில் அவர் தங்களைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசத் தொடங்கியதுமே, "கார் கண்ணாடிய ஏத்தாம வந்துட்டேன்" என்று போனவர் திரும்பி வரவேயில்லை. ஆகையால் இன்று இரண்டு ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். வாசலை அடைத்து நாற்காலி போட்டுக் காவலர் அண்ணனை உட்கார வைத்திருக்கிறோம். அடுத்து, இந்த மடலில் தங்களை யாரோ ஒரு மனிதரைப் போல "அவர்" என்றே சொல்லப்போகிறோம். அந்த அவர் யாரென்று தெரியாதது போலவே இருந்துவிடுங்கள். மடலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். வாசிப்பவர் தாளை இடப்பக்கமாகப் பிடித்து நிறுத்தி நிதானமாகத்தான் வாசிப்பார். சபை பொறுத்தருள வேண்டும்.

அவருக்கு ஊசி டாக்டர் என்ற பட்டத்தைத் தந்தது ஓர் அரிய நோய். பெசெட் நோய் என்று பெயர். உடலைக் காக்க வேண்டிய சக்தியே உடலின் இரத்தக் குழாய்களைப் பகையென்று நினைத்துப் புண்ணாக்கிவிடும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். வாயில் திரும்பத் திரும்பப் புண், மறைவிடத்தில் புண், பிறகு கண்ணுக்குள் அழற்சி. விட்டுவிட்டால் பார்வையே போகும். முற்காலத்தில் வணிகர்கள் பட்டு ஏற்றிச் சென்ற பாதை நெடுகிலும் வாழும் மக்களிடம் மிகுதியாகக் காண்பதால் பட்டுப்பாதை நோய் என்றும் சொல்வார்கள். இதுதான் நோய் என்று அடித்துச் சொல்ல இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. துணைக்கு இருந்தது ஓர் எளிய சோதனை. முன்னங்கையில் சுத்தமான ஊசியால் குத்திவிட்டு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். நோய் இருந்தால் குத்திய இடத்தில் சின்னக் கொப்புளம் எழும்பும்.

அந்த ஊசியை அவர் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. தாமே குத்துவார், தாமே வந்து பார்ப்பார். "ஊசி பொய் சொல்லாது" என்பது அவர் வாக்கு, எங்கள் பிரிவின் சட்டம். கொப்புளம் எழும்பினால் வலுவான மருந்து. எழும்பாவிட்டால் சொட்டு மருந்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். மருந்து அப்படிப்பட்டது. நோய் எதிர்ப்புச் சக்தியையே அடக்கிவிடும். கண்ணில் இருப்பது கிருமியாக இருந்துவிட்டால், நாம் கொடுக்கும் மருந்தே கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும். எனவே அவருடைய கண்டிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை.

எங்கள் நகரில் இரண்டு வழி மக்கள் உண்டு. மேட்டுத்தெருக்காரர்களின் முன்னோர் தரைவழியே வந்தவர்கள். கப்பல்துறைக்காரர்களின் முன்னோர் கடல்வழியே வந்தவர்கள். எங்கள் வார்டில் இந்த நோய்க்காகப் படுத்தவர்கள் எல்லோரும் மேட்டுத்தெருக்காரர்களே. "கப்பல்துறைக்காரங்களுக்கு இந்த நோய் வராது" என்று வெகு சாதாரணமாகப் பேசிக்கொள்வோம். அவரும் பேசினார், நாங்களும் பேசினோம்.

அப்போதுதான் கப்பல்துறையிலிருந்து ஒரு கிரேன்காரர் வந்தார். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பெட்டிகளைத் தூக்கி வைக்கும் வேலை. வாயெல்லாம் புண், வலக்கண் சிவந்து மங்கியிருந்தது. ஊசி டாக்டர் தாமே குத்திப் பார்த்தார், கொப்புளம் எழும்பவில்லை. சட்டப்படி சொட்டு மருந்தோடு போனார். சில மாதம் கழித்து மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது வலக்கண்ணில் வெளிச்சம் மட்டுமே மிச்சம். இடக்கண்ணிலும் பனி படரத் தொடங்கியிருந்தது.

கண் பிரிவு டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு நேரே அவர் அறைக்கு வந்தார். "விழித்திரைல குழாயெல்லாம் வீங்கியிருக்கு. நல்ல மருந்து உடனே போகணும். இந்த வாரம் தாண்டினா என்கிட்ட கொண்டுவர வேண்டியதில்ல."

ஊசி டாக்டர் மறுபடியும் குத்தினார். இந்த முறை இரு கைகளிலும், ஒன்றுக்கு மூன்றாக. கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு, மார்புக்கு எக்ஸ்ரே, கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற எல்லாச் சோதனைகளும் ஓடின. அந்த இரண்டு நாளும் அவர் காரணமில்லாமல் அந்தக் கட்டில் பக்கமே நடந்தார். கிரேன்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். முதல் நாள் காலை சரியாகச் சொன்னார். மாலையில் சின்ன முள்ளை விட்டுவிட்டார். மறுநாள் கடிகாரம் எந்தச் சுவரில் இருக்கிறது என்று கேட்டார்.

சோதனைகளில் கிருமி எதுவும் தென்படவில்லை. கையிலும் ஒன்றும் எழும்பவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். தோல் வழுவழுப்பாகவே இருந்தது.

இளைய மருத்துவர் தயங்கியபடி சொன்னார்: "ஊசி எழும்பலயே சார். சோதனைல தப்பிச்ச கிருமி ஏதாவது உள்ள இருந்தா, நாமளே அந்தக் கண்ணப் பறிச்ச மாதிரி ஆயிடும். நம்ம சட்டம்தான் சார் இது."

ஊசி டாக்டர் கிரேன்காரரின் மனைவியிடம் திரும்பி, "உங்க ஆளுங்க எல்லாரும் கடல்வழியா வந்தவங்கதானே? கலப்பு ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணின் முகம் இறுகிவிட்டது. வீடு வாடகைக்குக் கேட்டாலும் வேலைக்குப் போனாலும் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிச் சலித்தவர் அந்தப் பெண். "கண்ணு போகுதுன்னு வந்திருக்கோம். எங்க வம்சத்த எதுக்கு டாக்டர் கேக்குறீங்க? எங்க ஆளுங்கன்னா மருந்து கிடையாதா?"

ஊசி டாக்டருக்குச் சுருக்கென்றது. தப்பாகக் கேட்டுவிட்டோம் என்பதற்காக மட்டுமல்ல. அந்தப் பெண் கோபத்தில் கேட்டது உண்மையாக இருந்ததற்காக. நெடுநாள் கழித்துத் தேநீர் வேளையில் அவரே எங்களிடம் சொன்னது இது: அந்த நிமிடம் தாம் பார்த்த கைகளையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தாராம். கப்பல்துறைக்காரர் ஒருவர் கையிலாவது கொப்புளம் எழும்பிப் பார்த்திருக்கிறோமா என்று தேடினாராம். ஒரு முகமும் வரவில்லையாம். ஊசி குத்தி எழும்பாமல் வீட்டுக்குப் போன முகங்கள்தான் வரிசையாக வந்தனவாம்.

நோய் வரும் விதம் மக்களுக்கு மக்கள் மாறும் என்று அவர் படிக்காதவர் அல்லர். ஒரு மக்களிடம் கண்ணைப் பிடிக்கும், இன்னொரு மக்களிடம் குடலைப் பிடிக்கும். ஊசிக் கொப்புளமும் அப்படித்தான். சில நாடுகளில் பெரும்பாலோருக்கு எழும்பும், சில நாடுகளில் எழும்புவதே அபூர்வம். அதைத் தூரதேசத்துச் செய்தியாகப் படித்து வைத்திருந்தார். தம் மருத்துவமனையின் வாசலிலேயே இரண்டு வழி மக்கள் நிற்கிறார்கள் என்பது தோன்றவில்லை. சல்லடையில் தங்கியதை மட்டும் தானியம் என்று எண்ணிக்கொண்டு, கீழே விழுந்ததைக் குனிந்துகூடப் பார்க்காமல் இருந்துவிட்டோம். கப்பல்துறைக்காரர்களுக்கு நோய் வராமல் இல்லை. வந்தவர்களை நாங்கள்தான் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நோயாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது என்று எங்களை விரட்டுபவர் அவர்.

"ஊசி இல்லங்குது. நான் இருக்குங்கிறேன்," என்றார். "போன தடவை ஊசிய நம்பி உங்கள அனுப்பினேன், அது என் தப்பு. இந்தத் தடவை நான் தப்பா இருந்தா இந்தக் கண்ணும் போயிடும். ஒன்னுமே செய்யாம இருந்தாலும் போயிடும்னு நினைக்கிறேன். நீங்க சொல்லணும்."

மனைவி கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கிரேன்காரர் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார். "முத நாள் கிரேன்ல ஏறுறப்ப, கீழ பாத்தா ஏற மாட்டேன்னு சொன்னாங்க டாக்டர். இப்ப அந்தத் தொல்லை இல்ல, கீழயும் தெரியல. ஏத்துங்க மருந்த."

டிரிப்ஸ் ஏறியது. தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. சொந்தச் சட்டத்தைத் தானே மீறுகிறார் என்று மேல்மாடியில் பேசினார்கள். அவர் விளக்கக் கடிதத்தின் கீழே கையெழுத்திட்டுவிட்டு, தவறானால் பொறுப்பு தமக்கு மட்டுமே என்று எழுதினார். மறுநாள் காலை கிரேன்காரருக்குப் பார்வை இன்னும் மங்கலாகத்தான் இருந்தது. இளைய மருத்துவர் வராந்தாவில் நின்று அழுதார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். அவர் இன்று முன்வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். ஊசி டாக்டர் அன்று சாப்பிடவில்லை. தேநீரைக் கலந்து வைத்தோம், ஆடை கட்டிப்போயிற்று.

அடுத்த நாள் சுற்றுக்கு வந்தபோது கட்டிலில் இருந்து குரல் வந்தது. "டாக்டர், உங்க சட்டைப் பைல மை கொட்டியிருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். கொட்டித்தான் இருந்தது. கையால் அதைப் பொத்திக்கொண்டு, "எவ்ளோ பெரிசு?" என்று கேட்டார். 

"ஒரு ரூபா அளவு. நீலம்."

அன்று மதியம் அவர் எங்களையெல்லாம் கூப்பிட்டு, ஊசி பொய் சொல்லாது என்ற வாக்கைத் திரும்பப் பெற்றார். "ஊசி பொய் சொல்லல. ஒரு ஊர்க்காரங்ககிட்ட கத்துக்கிட்ட பாஷைல எல்லார்கிட்டயும் பேசச் சொன்னது நாம." அதற்காக ஆளைப் பார்த்ததும் வம்சத்தைக் கேட்டு நோயை முடிவுசெய்யும் பழக்கமும் வந்துவிடக் கூடாது என்று அதைவிடக் கடுமையாகச் சொன்னார். "வம்சம் ஒரு துப்பு. தீர்ப்பு இல்ல. ஏன் கேக்குறோம்னு முதல்ல சொல்லிட்டு அப்புறம் கேளுங்க."

பிறகு வார விடுமுறைகளில் கப்பல்துறைக்குள் நடந்தார். நாங்கள் திருப்பி அனுப்பியவர்களை வீடு வீடாகத் தேடினார். சிலர் வந்து மருந்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் முற்றிலும் பார்வை போன ஒருவர் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அந்தத் தண்ணீரைக் குடித்ததுதான் தம் வாழ்நாளில் மிகக் கடினமான வேலை என்று அவர் சொல்லியிருக்கிறார்.

இனி "அவர்" போதும். ஐயா, தாங்கள் எழுந்து போகவில்லை என்பதற்கு முதலில் நன்றி. மூட்டுக்கு மூட்டு முகம் பார்த்துப் பேசிய தங்கள் கைகளுக்கு இனி ஓய்வு வாய்க்கட்டும். தங்கள் முழங்கால்கள் படியேறும்போது முனகாதிருக்கட்டும், விரல்கள் காலையில் விறைக்காதிருக்கட்டும், எங்கள் வார்டுக்குத் தாங்கள் வருவதாயின் குறை சொல்வதற்காக மட்டுமே வருவீர்களாக. நூறு வயதிலும் அந்த மைக்கறைச் சட்டையைத் துவைக்க விடாமல் வீட்டம்மாவிடம் சண்டை போடும் தெம்பு தங்களுக்கு இருக்கட்டும்.

"தோத்ததையும் சொல்லு, அப்பதான் ஜெயிச்சத நம்புவேன்" என்று எங்களிடம் ஓயாமல் சொல்வீர்கள். கிரேன்காரரின் வலக்கண்ணை நாம் காப்பாற்றவில்லை. கிரேனில் ஏற அவருக்கு இனி அனுமதியில்லை. கீழே நின்று கொடி காட்டி மேலே இருப்பவர்களுக்கு வழி சொல்கிறார். வாழ்த்து மடலில் இதை எழுதலாமா என்று நாங்கள் தயங்கினோம். எழுதித்தான் ஆக வேண்டும், அப்போதுதான் வாசிப்பேன் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றார்.

என்றும் தங்கள் அன்பிலும் அதட்டலிலும் வளர்ந்த,
வாதநோய்ப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள்.

இம்மடலைத் தம் இடக்கண்ணால் வாசித்தவர்: கப்பல்துறைக் கிரேன்காரர்.