எப்ப நிறுத்தணும்னு எழுதுங்க

பன்னெண்டு பக்கமா? ஒரே ஒரு கேள்விக்கா? தப்பா நெனச்சுக்காதீங்க சார், சிரிப்பு வந்துடுச்சு. இந்த ஆபீஸு வராண்டாவுல நீங்க பென்சில கடிக்கறத அப்பலருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கறன். காயிதம் பறக்குது பாருங்க, இந்தப் பைய அது மேல வெச்சுக்குங்க. பாரமெல்லாம் இல்ல, துணிதான். ஆங், அப்படியே மடியில வெச்சுக்குங்க.

கடுதாசி போட்டு சர்ட்டிபிகேட்டு வாங்கிக்க வரச் சொன்ன எடத்துலயும் மிஷினுக்கு எழுதற வேலையா? கல்கத்தாவுலயா இருக்குது அந்த மிஷினு? ஒரு ரூமு பெருசா. அட்டையில ஓட்டை போட்டு உள்ள விட்டா, அதப் படிச்சுக் கணக்குப் போடுமா. சரி, யோசிக்குமா? யோசிக்காதா. நாம எழுதிக் குடுத்ததத்தான் செய்யுமா, ஒரு அடி முன்ன பின்ன போகாதா.

அட, இதுக்கு எதுக்கு சார் கல்கத்தா? அப்படி ஒண்ண நான் கண்ணாலம் பண்ணிக்கிட்டு மூணு வருஷமா வூட்டுல வெச்சிருக்கறன்.

இல்லைங்க, தங்கமான மனுஷரு. உத்தனப்பள்ளி முழுக்கக் கேட்டுப் பாருங்க, ஒருத்தர் ஒரு குத்தம் சொல்ல மாட்டாங்க. சொன்னாச் சொன்னதச் செய்வாரு. வெனையே அதுதான். ஆட்டுக்குத் தழ போடுங்கன்னா போட்டுட்டு வந்துடுவாரு. ஆடு கொட்டாயில இருக்குதா, வெளிய போயிடுச்சான்னு பாக்க மாட்டாரு. பாக்கச் சொல்லி நான் சொல்லலியே. களிக்கு ரெண்டு கை மாவு போடுங்கன்னு சொன்னன் ஒருநாளு. யாரு கைன்னு சொல்லல. அவரு கை மொறம் மாதிரி இருக்கும். எங்க மாமியா அன்னிக்குத் தெலுங்குல திட்ட ஆரம்பிச்சுத் தமிழ்ல முடிச்சாங்க.

இவளா? எம் பொண்ணு, சம்பங்கி. ஏழு மாசம். உங்க பென்சிலத்தான் பாக்கறா, விரல நீட்டுங்க, புடிச்சுக்குவா. பாத்தீங்களா. புதுசா வர்றவங்ககிட்ட இப்படி ஒட்ட மாட்டா.

இவ பொறந்த கதயக் கேளுங்க. அன்னிக்கு அடுப்புல களி கொதிக்குது. கொல்லையில கீர பறிச்சுக்கிட்டு வரலாம்னு, துடுப்ப அவரு கையில குடுத்து, நான் வர்ற வரைக்கும் கிளறிக்கிட்டே இருங்கன்னு சொல்லிட்டுப் போனன். கீரையில கை வெச்சன், வலி எடுத்துடுச்சு. பக்கத்து வூட்டு சரோஜம்மாக்கா என்னத் தாங்கிப் புடிச்சு அவங்க வூட்டுலயே படுக்க வெச்சுட்டாங்க. மருத்துவச்சி வந்து, நான் கத்தி, இவ பொறந்து, எல்லாம் முடிய பொழுது சாயற நேரம். அக்கா ஓடிப் போயி, பொண்ணு பொறந்திருக்குது தம்பின்னு சொல்லியிருக்காங்க. இவரு வேர்த்து ஊத்திக்கிட்டு அடுப்பு முன்னால நிக்கறாரு. சந்தோஷந்தானுங்கக்கா, ஆனா அவ இன்னும் வரலியே, நான் எப்படிச் சட்டிய எறக்கறதுன்னு கேட்டிருக்காரு. சட்டியில இருந்தது களியில்ல சார், அம்மிக்கல்லு.

ஏன் உங்க மொகம் மாறுது? ஓ. உங்க மிஷினும் அப்படித்தான் சுத்திக்கிட்டே இருந்துச்சா. உங்க ஆபீஸுப் பெரியவரு வந்து சுவிச்ச அணைச்சாராமா. உங்களத் திட்டினாரா, மிஷினத் திட்டினாரா? பின்ன என்ன, எங்க வூட்டுலயும் எனக்குத்தான் திட்டு.

அவரு மேல தப்பு இல்ல சார். எப்ப நிறுத்தணும்னு நான் சொல்லல. அன்னிலருந்து எதுவானாலும் சீட்டுதான். அவரு மூணாங்கிளாஸு, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாரு. நீளமா எழுதினா ரெண்டாவது வரிக்குப் போறதுக்குள்ள மொத வரி மறந்துடும். அதனால ஒரு வரிக்கு ஒரு வேல. எழுதி முடிச்சதும், ஒண்ணுமே தெரியாதவளாட்டம் நானே ஒருக்கா படிச்சுப் பாப்பன். ஏழு வரி எழுதினா மூணு அடிச்சுடுவன். இன்னிக்குக்கூட அவரு சீட்டப் பாத்துத்தான் மாமியாவுக்குக் களி போட்டுக்கிட்டு இருப்பாரு. கிண்ணத்துல கோடு போட்டு வெச்சுட்டு வந்திருக்கறன்.

ஐயோ, கொண்ட அவுந்துடுச்சு. இவளக் கொஞ்சம் புடிங்க சார். இடுப்புக்குக் கீழ ஒரு கை குடுங்க. ஆங். இப்ப சொல்லுங்க, பன்னெண்டு பக்கத்துல அப்படி என்னதான் கேக்கறீங்க?

இருபத்தேழுலருந்து அம்பத்தாறு வரைக்கும் முப்பது வருஷ மழ. எந்த வருஷம் ரொம்ப பேஞ்சுதுன்னு கண்டுபுடிக்கணும், அவ்வளவுதானா? அதுக்கு ஒவ்வொரு வருஷத்தையும் மத்த எல்லா வருஷத்தோடயும் ஒப்பிட்டுத் தனித்தனியா எழுதியிருக்கீங்களா. எனக்கு உங்க மிஷினு தெரியாது, ஒளறினா மன்னிச்சுக்குங்க. தளி சந்தையில உருளக்கெழங்கு குவிச்சு வெச்சிருப்பாங்க. இருக்கறதுலயே பெருசு வேணும்னா நான் என்ன பண்ணுவன்? ஒண்ண எடுத்துக் கையில வெச்சுக்குவன். அடுத்தத எடுப்பன். அது பெருசா இருந்தாக் கையில இருக்கறதப் போட்டுட்டு அத வெச்சுக்குவன். சின்னதா இருந்தா அதப் போட்டுடுவன். குவியல் தீந்ததும் கையில எது இருக்குதோ அதான் பெருசு. முப்பது கெழங்கானாலும் மூவாயிரமானாலும் இதே நாலு வரிதான். ஆனா குவியல் தீந்தா நிறுத்துன்னு மறக்காம எழுதுங்க. இல்லன்னா உங்க மிஷினு வெறுந்தரையத் தடவிக்கிட்டு நிக்கும், எங்க வூட்டுக்காரரு மாதிரி.

என்ன சார், அந்தப் பக்கத்த ஏன் கிழிக்கறீங்க, பின்னால வெள்ளையாத்தானே இருக்குது. எழுதுங்க எழுதுங்க, அவ தோள்ல படுத்துக்குவா. ஒரு கையாலயே எழுதறீங்களே, பரவால்ல, எங்க வூட்டுக்காரருக்குப் புள்ளையத் தூக்கிக்கிட்டு வேல செய்ய வர ஒரு மாசம் ஆச்சு.

நானா? இன்டர்வியூவுக்கு வந்திருக்கறன். எங்க ஊருல சின்னப் புள்ளைங்க பள்ளிக்கூடம் ஒண்ணு தொறக்கறாங்க, டீச்சரு ஒருத்தி வேணுமாம். எட்டாவது பாஸு பண்ணின எட்டு பேரு வந்திருக்கறம். உள்ள போயிருக்கறது ஏழாவது ஆளு. கெடைச்சாப் போ, கெடைக்கலன்னா இந்தப் பேச்ச இனிமே வூட்டுல எடுக்காதன்னு மாமியா சொல்லிட்டாங்க. அவங்க சொன்னாச் சொன்னதுதான். அவங்க புள்ளதானே இவரு.

பயமா? கேள்விக்கெல்லாம் பயமில்ல. வேற ஒண்ணுதான். கடுதாசியக் காட்டறன், கடைசி வரியப் படிங்க. கைக்கொழந்தையோட வரக் கூடாதாம். புள்ளைங்களப் பாத்துக்கற வேலைக்குப் புள்ளையோட வரக் கூடாதாம், பாருங்க நியாயத்த. பால் குடிக்கறவள வூட்டுல விட்டுட்டு எப்படி வர்றது? இவள வெச்சுக்கறதுக்குன்னுதான் சரோஜம்மாக்கா கூட வர்றதா இருந்துச்சு. காலையில பாத்தா அக்காவுக்குக் காய்ச்சல், எந்திரிக்கவே முடியல.

கேட்டுதா, பியூனு என் பேரக் கூப்பிடறாரு. அண்ணா, சார்ன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தன், இனிமே அண்ணாதான், இந்தாங்க சீட்டு. இல்லண்ணா, இப்ப எழுதல. காலையில பஸ்ஸுலயே எழுதிட்டன், ஆளு மட்டும்தான் கெடைக்காம இருந்துச்சு. இந்த வராண்டாவுல பதினோரு பேரப் பாத்தன். பைய மடியில வெச்சுக்குங்கன்னு சொன்னதும் ஏன்னு கேக்காம வெச்சுக்கிட்டது நீங்க ஒருத்தர்தான்.

அஞ்சே வரி. ஒண்ணு, தூங்கினா அசையாதீங்க. ரெண்டு, அழுதாத் துணியத் தொட்டுப் பாருங்க, நனைஞ்சிருந்தா மாத்துங்க, துணி உங்க மடியில இருக்கற பையிலயே இருக்குது. மூணு, நனையலன்னா வாசல் வரைக்கும் நடந்துட்டு வாங்க, அழுக நிக்கற வரைக்கும். நாலு, நான் வந்து குடுங்கன்னு சொன்னதும் குடுத்துடுங்க, அதோட வேல முடிஞ்சுது. அஞ்சு, ஒரு மணி நேரம் ஆகியும் நான் வரலன்னா, கொழந்தையத் தூக்கிக்கிட்டு நேரா உள்ள வந்துடுங்க. பாத்தீங்களா, நிறுத்தறதுக்கு ரெண்டு வழி வெச்சிருக்கறன்.

என்னாது? நடுவுல சர்ட்டிபிகேட்டுக்கு உங்க பேரக் கூப்பிட்டா?

அட ஆமா. அத எழுதல. பஸ்ஸுல மூணு தடவ படிச்சுப் பாத்தன், அப்படியும் விட்டுப் போயிருக்குது பாருங்க. அந்தப் பென்சிலக் குடுங்க. ஆறு, உங்களக் கூப்பிட்டா கொழந்தையோடயே உள்ள போங்க. உங்க கடுதாசியில கொழந்தையோட வரக் கூடாதுன்னு ஒண்ணும் போடலியே.

இதோ வந்துட்டனுங்கய்யா.