பசி கூடிய தேனீக்கள்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த அந்த வருஷங்களில், யாராவது சாலையில் மரத்தை வெட்டிப் போட்டால் பேருந்து நின்ற இடத்திலேயே கிடக்கும். ஒருநாள் சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் வழியில் அப்படி நின்றோம். எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாள் மடியில் மரப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா பொட்டியில?" என்று கேட்டார் கண்டக்டர்.

"தேனீங்க. ஒடம்பு சரியில்ல. பண்ணை ஆபீசர்கிட்ட காட்ட எட்துகினு போறேன்."

கண்டக்டர் பின்வாங்கினார்.

"பயப்படாதீங்க. பறக்கவே தெம்பில்ல. வயித்துல கிருமி. நமக்குக் காய்ச்சல் வந்தா சோறு எறங்காது. இதுங்களுக்குப் பசி ஜாஸ்தியாவுது. துன்றதெல்லாம் நோவோட மல்லுக்கட்டவே சரியாப் போவுது."

"எங்க மச்சானும் அப்டித்தான். நோவுன்னு வந்து எங்க வூட்ல படுத்தாரு, சோத்துப்பானை காலி" என்றார் கண்டக்டர்.

வெயில் ஏறியது. மரம் நகரவில்லை. பெட்டிக்குள் ரீங்காரம் அடங்கியது.

"பசியிலயே செத்துடும் போலக்கீது" என்று அம்மாள் மெல்லச் சொன்னார்.

கண்டக்டர் இறங்கிப்போய், டீக்கடையில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வாங்கி வந்தார். அம்மாள் துணியை அதில் நனைத்துப் பெட்டிக்குள் வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு தேனீ வெளியே வந்தது. தள்ளாடிப் பறந்து போய்க் கண்டக்டரின் காதில் கொட்டியது.

"கொட்டிடுச்சும்மா" என்றார் அவர், காதைப் பிடித்துக்கொண்டு.

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "காது வரிக்கும் பறந்துச்சாங்க? அப்ப மத்ததுங்க பொயச்சிக்கும்."