குடும்ப குரூப்பில் வந்த ரிப்போர்ட்

மண்ணரையிலிருந்து கிளம்பிய காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவரும் ஒரே பனியன் கம்பெனியின் அடையாள அட்டையை மாட்டியிருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“எங்கூட்டுக்காரரு அவரோட விந்து டெஸ்ட் ரிப்போர்ட்டைக் குடும்ப குரூப்புல போட்டுட்டாருங்கக்கா.”

நான் கேட்டுக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினேன்.

“அட சாமி! எதுக்கு கண்ணு?”

“சின்ன மாமியாரு ஊட்டு வளைகாப்புல, ‘வயிறு தொறக்காதவ வளையல் போட வேண்டாம்’னு என்னையத் தள்ளி நிக்கச் சொன்னாங்க. அவரும் அங்கதான் இருந்தாருங்க. ஊட்டுக்கு வந்ததும் போட்டாரு. ‘கொறை எனக்குத்தான், இனி அவளை யாரும் பேசக்கூடாது’ன்னு கீழ எழுதியும் விட்டாரு.”

“என்ன கொறையாமா?”

“எண்ணிக்கை சரிதானுங்க. நீந்திப் போற வேகந்தான் கம்மி. அதனாலதான் கரு தங்கலையாமா.”

டாக்டர் சந்தேகப்பட்டதாக அவள் அடுக்கியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன்: அவர் வேலை பார்க்கும் துணி காயவைக்கும் மெஷினின் சூடு, சிகரெட், விரைப்பையில் ரத்தக்குழாய் வீக்கம்.

“சரியாப் போயிருமா?”

“மூணு மாசங்கழிச்சு மறுபடி பாக்கோணுமுங்க. சிகரெட்டை அன்னைக்கே விட்டுட்டாரு. பேக்கிங்குக்கு மாத்தியும் வாங்கிட்டாரு.”

“குரூப்புல என்ன சொன்னாங்க?”

“ஒருத்தரும் வாயே தொறக்கலீங்க. ஆனா மூணு பேரு தனியாக் கூப்பிட்டு டாக்டர் நம்பரு கேட்டாங்க.”

“யாரு யாரு?”

அதுவரை பஸ்ஸுக்கே கேட்கும்படி பேசியவள் அப்போதுதான் குரலைத் தாழ்த்தினாள்.

“அவங்க பேரைச் சொல்லமாட்டேனுங்க. என்னையத் தள்ளி நிக்கச் சொன்ன ஊட்டுலயும் ஒருத்தரு இருக்காரு.”