கடைசித் துடைப்பு

எனக்குச் சுத்தம் பிடிக்கும். கழுவிக் கவிழ்த்த டம்ளரைக்கூட ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன், கவனித்திருப்பீர்கள். அந்தக் குணத்துக்கே சம்பளம் கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. விண்கலத்தைப் பொருத்திச் சோதிக்கிற தூய அறையில் தூசி பார்ப்பவள் நான். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, முகமூடி, கையுறை எல்லாம் இருந்தால்தான் யாரையும் உள்ளே விடுவேன். இயக்குநரையே, குல்லாய்க்கு வெளியே இரண்டு முடி தெரிந்ததற்காக வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அங்கே எனக்குப் பெயர் தூசி அக்கா.

கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். மாடியில் தங்கை தூங்குகிறாள்.

அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவேன். அம்மா போனபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. அப்பா இருந்தும் இல்லாத மாதிரிதான். தலை வாரி, சோறு ஊட்டி, ஜுரம் வந்தால் கூடவே உட்கார்ந்து, அவளை ஆளாக்கியது நான். எனக்கும் வரன் வந்தது. வேண்டாம் என்றேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் கேட்டதனால் விட்டேன் என்று இருந்திருந்தால், மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

படித்து முடித்ததிலிருந்து அவளுக்கு அந்தத் தொலைநோக்கிதான் உலகம். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியில், புதிதாகப் பிறக்கிற நட்சத்திரங்களைப் பார்க்கும் கருவி. அதிலிருக்கும் கண்ணாடி, ஆடி என்போம், என்னவோ ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். அதைச் செய்து முடித்து, விண்கலத்தில் பொருத்திச் சோதிக்க எங்கள் நிலையத்துக்கே கொண்டுவந்தாள். வெளியூரில் விடுதி விடுதியாக வாழ்ந்தவள், சோதனை முடியும்வரை என்னோடு இந்த வீட்டில் இருந்தாள்.

நல்ல நாட்கள் அவை. ராக்கெட் குலுக்குவது போலக் கலத்தை அதிர்வு மேடையில் வைத்துக் குலுக்கியபோது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று என் கையை நசுக்கிவிட்டாள். பிறகு வெற்றிடக் கூண்டுக்குள் வைத்துக் கொதிக்கவிட்டார்கள், உறையவிட்டார்கள். அவள் திரையை விட்டு நகர மாட்டாள். நான் டிபன் கட்டிக்கொண்டு போய், பின்னாலேயே நின்று சாப்பிட வைப்பேன். நடைபாதை பெஞ்சில் என் தோளில் சாய்ந்தபடியே தூங்கிவிடுவாள். தோள் மரத்துப்போகும். நான் அசைய மாட்டேன்.

ஒருநாள் கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். "ராக்கெட் ஏறினதும் நானும் கிளம்பிடுவேன்க்கா. படமெல்லாம் வந்து இறங்குற இடத்துலயே வேலை போட்டுக் கொடுக்கிறாங்க. அவரும் அங்கதான் இருக்கார். அங்கயே இருந்துடலாம்னு இருக்கேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீயும் ஒரு தடவை வந்து பாரேன்" என்றாள்.

ஒரு தடவை. சரி என்றேன். டீயை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அதற்குப் பிறகுதான் சோதனை இழுத்தது. அறையில் தூசி அளவு மீறிவிட்டதாக இரண்டு முறை வேலையை நிறுத்தினேன். அளக்கும் கருவியைக் கதவோரம் கொண்டுபோய்ப் பிடித்தால் எந்த அறையும் அழுக்காகத்தான் தெரியும். எல்லாவற்றையும் திரும்பத் துடைத்தார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குச் சில வாரங்கள் கிடைத்தன. அதிர்வு மேடைப் பொறியாளர், "தூசி அக்காவுக்குப் பொண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்ப மனசே வரலை" என்று கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதை எத்தனை நாளைக்குச் செய்ய முடியும்? ஏவும் தேதி என்று ஒன்று இருக்கிறதே.

அப்போது பொடிசின் கை வெடித்துப்போயிருந்தது. நாள் முழுக்கக் கையுறை, நொடிக்கொரு தரம் ஸ்பிரிட். விரலிடுக்கில் ரத்தம் கசியும். டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். எங்கள் வேலையில் களிம்பு விஷம். தொலைநோக்கிக் குழாய்க்குள் ஒரு துளி இருந்தால் போதும். உள்ளே இருக்கும் சூடேற்றியின் வெப்பத்தில் ஆவியாகி, குளிர்ந்த ஆடிமேல் படலமாகப் படியும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் புற ஊதா ஒளியை அந்தப் படலம் விழுங்கிவிடும். இது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் விடுமுறை நாளில் மட்டும் பூசுவாள். விரலில் இருப்பது கையுறை மாட்டும்போது அதன் வெளிப்புறத்தில் ஒட்டிவிடும் என்று, வேலைக்குப் போகும்முன் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். போதும் என்று நான் சொல்லும்வரை கழுவுவாள்.

அந்தக் களிம்பில் கொஞ்சம் எடுத்து, துடைத்தெடுத்த தூசியைச் சோதனைக்குப் போட்டு வைக்கும் சின்ன உறையில் ஒட்டி வைத்தேன். ஏன் அவளுடையதையே எடுத்தாய் என்று கேட்பீர்கள். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

குழாயை மூடும்முன் கடைசியாகத் துடைத்துப் பார்ப்பது என் பொறுப்பு. கூட இன்னொருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அவளே வருகிறேன் என்றாள். அறை விளக்கை அணைத்துவிட்டு ஊதா விளக்கைப் பிடித்தேன். தூசி இருந்தால் அந்த வெளிச்சத்தில் மினுங்கும். ஒரு பொட்டுகூட இல்லை. அவள் குனிந்து ஆடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே இதை யாருமே பாக்க முடியாதுல்லக்கா" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"கண்ணு கலங்கினா வெளிய போய் மாஸ்க் மாத்திட்டு வரணும்" என்றேன். அதுவும் விதிதான். அழுதுகொண்டே சிரித்தாள், போனாள். அவள் திரும்பி வருவதற்குள் என் வேலை முடிந்துவிட்டது. மூடியை அவள் கையாலேயே போட்டாள்.

ராக்கெட் நல்லபடியாக ஏறியது. அவளும் போனாள். முதல் படங்கள் அழகாக வந்ததாம். போனில் ஒரு நட்சத்திரத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வாரத்துக்கு வாரம் படம் மங்கியது. அவள் பேச்சும் குறைந்தது. கடைசியில் வெறும் இருட்டுதான் வந்தது.

அப்புறம் உங்கள் விசாரணைக் குழு. குழாய்க்குள் ஒரு சாட்சிக் கண்ணாடி வைப்பார்கள். உள்ளே எது படிந்தாலும் அந்தச் சின்ன வில்லையிலும் படியும். ஏவுவதற்குச் சற்று முன்பு பக்கவாட்டுத் துவாரம் வழியாக அதை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்துவார்கள். ஏவுதளத்தில் சூடேற்றி ஓடிய நாட்களிலேயே களிம்பு அதில் படிந்திருந்தது. அது என்ன களிம்பு என்று கண்டுபிடிக்க உங்களுக்கு நேரம் ஆகவில்லை. தங்கை கை கழுவிவிட்டுத்தான் வருவாளா என்று என்னைக் கேட்டீர்கள். எப்போதும் கழுவுவாள் என்றேன். கொஞ்சம் பொறுத்து, அன்றைக்கு நான் கவனிக்கவில்லை என்றேன். அந்தப் பக்கம் இருந்த பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூடப் பிறந்தவளே சொல்கிறாளே என்று என்மேல் எல்லோருக்கும் இரக்கம்.

பொடிசு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஒற்றைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். இப்போது பாதி நேரம் குழாயடியில்தான் நிற்கிறாள். கை கழுவிக்கொண்டே இருக்கிறாள். சாப்பிடும்போது திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

"அன்னிக்கு நான் கழுவினேன்தானேக்கா?"

"ஞாபகம் இல்லையேடா. போனது போகட்டும், விடு. சாப்பிடு."

தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவாள். நான் என்ன வைத்தாலும் சாப்பிடுகிறாள்.

ஆரம்பத்தில் அங்கிருந்து, அவள் கட்டிக்கொள்ள இருந்த அவர் தினமும் கூப்பிட்டார். அவளுக்குப் பேச விருப்பமில்லை என்று சொன்னேன். ஒருமுறை நேரிலேயே வந்து வாசலில் வெகுநேரம் நின்றார். நல்ல மனிதர்தான். அவளுடைய பேராசிரியரும் கூப்பிட்டார். தப்பு யாருக்கும் நடக்கும், வேறு வேலை இருக்கிறது, அனுப்பிவையுங்கள் என்றார். டாக்டர் அலையக் கூடாது என்று சொல்லியிருப்பதாகச் சொன்னேன். எந்த டாக்டர் என்று அவர் கேட்கவில்லை. இப்போதெல்லாம் யாரும் கூப்பிடுவதில்லை.

விரலில் ஒட்டி வருகிற அளவைவிடக் களிம்பு அதிகம், கை படாத இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சரிதான். சூடேற்றிக்கு அடியில், விளக்கு வெளிச்சம் எட்டாத மடிப்பில் வைத்தேன். நான்தான் வைத்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றாலும் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. இதை அவளிடம் சொல்லாதீர்கள், என்னையும் அழைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அவள் நிலைமை உங்களுக்கே தெரியும். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யாருமே இல்லை.