பெட்டியைத் திறக்கக் கூடாது

— …கூரை போன வருஷம் மாத்துனது சார். தூண் அதுக்கு முந்தின தீ விபத்துக்கப்புறம் நட்டது.

— தொள்ளாயிரம் வருஷத்து ஷிண்டோ கோவில்னு போர்டு போட்டிருக்கீங்க. பழசுன்னு மிச்சம் எது?

— சன்னதியில ஒரு பெட்டி. உள்ள சாமி குடியிருக்கிற கல்லு. யாரும் திறக்கக் கூடாது, இதுவரைக்கும் திறந்ததும் இல்ல.

— திறக்காமலே கல்லுன்னு எப்படிங்க தெரியும்?

— முள்ளங்கி ஊறுகாய் எடுத்துக்குங்க. வர்றவங்களுக்கெல்லாம் குடுக்குறது.

— என்னங்க இது… ஈரத்துணியைக் கடிக்கிற மாதிரி இருக்கு.

— பூசாரி வீட்டு ஊறுகாய். நான் பூசாரி பொண்ணு.

— ஓ… ருசி பரவால்ல. பெட்டி பூட்டியிருக்குமா?

— எதுக்கு?

— சும்மா… வரலாற்று ஆர்வம். ரெண்டு நிமிஷம் சன்னதியில தனியா நின்னு கும்பிட்டுக்கவா?

— தாராளமா. ரெண்டு தடவை குனிஞ்சு, ரெண்டு தடவை கை தட்டணும். பையைக் கீழ வைங்க.

— பை இருக்கட்டும்.

— ஒரு பக்கமா சாயுறீங்களே. உள்ள என்ன, பாறாங்கல்லா?

— அது…

— நாலாங்கிளாஸ்லயும் இப்படித்தான் முழிப்ப, ஹயாதோ.

— மினோரி! எப்பக் கண்டுபிடிச்ச?

— வாசல்லயே. அந்தக் காதை மறக்க முடியுமா? 'சார்'னு கூப்பிட்டா எதுவரைக்கும் போறன்னு பாத்தேன். எடு வெளிய.

— பெட்டியில இருக்கிற கல்லை எடுத்துக் காட்டுறேன்னு திருவிழா அன்னிக்கு ஒரு பந்தயம்டி. திருப்பி வைக்கிறதுக்குள்ள அப்பாவை ஓசாகாவுக்கு மாத்திட்டாங்க. பதினாலு வருஷமா சாமி பழிவாங்குது. நுழைவுத்தேர்வுல ரெண்டு தடவை அவுட். பதினெட்டு கம்பெனி வேணாம்னுடுச்சு. நாளைக்குப் பத்தொன்பதாவது இன்டர்வியூ. இன்னிக்கே இதை உள்ள வச்சாகணும்.

— இடம் இல்ல.

— என்னது?

— நீ ஊரை விட்டுப் போன வாரமே எங்கப்பா வேற கல்லு வச்சிட்டாரு.

— யாரும் திறக்கக் கூடாதுன்னியே!

— நாலாங்கிளாஸ் பையன் திறக்கலாம், பூசாரி திறக்கக் கூடாதா? ஊரே அதைத்தான் கும்பிடுது. மழை பெய்யுது, நெல்லு விளையுது. ஒரு புகார் இல்ல.

— அப்ப என் பதினெட்டு கம்பெனி…?

— அது உன் சொந்த உழைப்பு.

— …உள்ள வச்சது என்ன கல்லு, மினோரி?

— முள்ளங்கி ஊறுகாயை அமுக்க ஜாடிக்குள்ள பாரமா வைக்கிற கல்லு. அதுக்கப்புறம் எந்தக் கல்லும் அந்த ஜாடிக்குள்ள சரியா உக்காரல, அதான் ஊறுகாய் ஈரத்துணியா இருக்கு. குடு அதை… அளவு ஒத்துவரும்போல.