ஸ்டோயான் மீது நான் கொடுத்த புகார்

எனது பெயர் ராலிட்சா டோடோரோவா. வயது நாற்பத்து நான்கு. லோம் நகரம், ஆற்றங்கரைத் தெருவில் வசிக்கிறேன். அருகிலுள்ள பள்ளியின் உணவுக்கூடத்தில் சமையல் வேலை. செவ்வாய்க்கிழமை இதே காவல் நிலையத்தில் கார் திருட்டுப் புகார் கொடுத்தவள் நானே. அது குறித்து இப்போது யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொல்கிறேன்.

எங்கள் கார் மிகப் பழையது. திங்களன்று என் கணவர் காமென் வண்டியைக் கிளப்பும்போது சாவி இக்னிஷன் லாக்குக்குள்ளேயே ஒடிந்து, ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொண்டது. அதன் பின்பு பக்கத்துச் சந்தில் பட்டறை வைத்திருக்கும் ஸ்டோயான் வெல்கோவை அழைத்தோம். அவர் மறுநாள் காலை வந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழிருந்த மூடியைக் கழற்றி, தலையில்லாத போல்ட்டுகளைத் துளைபோட்டு எடுத்து, பழைய லாக்கை வெளியே இழுத்து, உடைசல் வண்டி ஒன்றிலிருந்து சாவிகளோடு வாங்கி வந்த லாக்கைப் பொருத்தினார். அவர் ஒயர்களை மாட்டிக்கொண்டிருக்கும்போதே நான் வேலைக்குப் போய்விட்டேன். என் கணவர் அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். எந்த வேலைக்கும் அவர் அவ்வளவு அக்கறையாக நின்று நான் பார்த்ததில்லை.

மாலையில் திரும்பியபோது வாசலில் கார் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். கணவரின் சட்டைகள் இல்லை, சவர சாமான்கள் இல்லை, குளிர்கால பூட்ஸும் இல்லை. இது மே மாதம். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

பின்னர் வெளியே வந்தபோது எதிர்வீட்டு டான்கா வேலியருகே நின்று, "என்னடி, வண்டியையும் காணோம், வீட்டுக்காரரையும் காணோம்?" என்று சிரித்தாள். அவர் தங்கை வீட்டுக்குப் பஸ்ஸில் போயிருப்பதாகவும், வண்டியை யாரோ திருடிவிட்டதாகவும் சொன்னேன். சாவி வேறு யாரிடம் இருந்தது என்று கேட்டாள். ஸ்டோயான் பெயரைச் சொன்னேன். அதன் பின்பு தெருவே கூடிவிட்டது. டான்காதான் என்னை இங்கே அழைத்து வந்தாள். இங்கும் அதையே சொன்னேன். வண்டியைத் தேடிப் பிடித்தால் என் கணவரும் கூடவே வந்துவிடுவார் என்றும் நினைத்தேன்.

அன்றே போலீஸார் ஸ்டோயானைப் பட்டறையிலிருந்து வாடிக்கையாளர்கள் முன்னிலையில் அழைத்துச் சென்றார்கள். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

இன்று மதியம் அவர் மகள் நெவெனா உணவுக்கூட வரிசையில் தட்டோடு வந்தாள். மற்ற பிள்ளைகள் அவளுக்கு முன்னும் பின்னும் இடம்விட்டு நின்றார்கள். அவளுக்கு மட்டும் பீன்ஸ் சூப்பைக் கூடுதலாக ஊற்றினேன். அவள் குரலைத் தாழ்த்தி, "அத்தை, நேத்து அப்பாவைப் பார்த்தேன். மாமா பெட்டியெல்லாம் ஏத்திக்கிட்டு கிளம்பினதை அவரு பார்த்தாராம். ஆனா அதை யார்கிட்டயும் சொல்ல மாட்டாராம். அது உங்க வீட்டு விஷயமாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குமேல் என்னால் பரிமாற முடியவில்லை. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் இங்கே வந்தேன்.

கார் திருட்டுப் போகவில்லை. என் கணவர் என்னை விட்டுப் போய்விட்டார். அவரைத் தேட வேண்டாம்.

இதைச் சொன்ன பின்பு ஸ்டோயானை வெளியே கொண்டுவந்தார்கள். தெரு பார்க்க அவரோடு நானும் நடந்து வருவதாகச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வேணாம்மா, நான் தனியாவே போயிக்கிறேன்" என்றார்.

அதிகாரி படித்துக் காட்டக் கேட்டேன். முதலில் கொடுத்த புகார் பொய். இதிலுள்ளது மெய்.

(ஒப்பம்) ராலிட்சா டோடோரோவா